போர்மன் துரை வைத்த பெயர்

போர்மன் துரையை நினைத்தால் முதலில் காதில் விழுவது அவர் என்னிடம் கேட்கும் ஒரே கேள்விதான். சனிக்கிழமை மத்தியானம் சங்கு ஊதி, லாலாகுடா ரயில் பட்டறையிலிருந்து நாங்கள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது, வாசலில் நின்று என்னை மட்டும் நிறுத்துவார். "பச்சா கைசா ஹை?" பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்பார். அத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில், ஒரு சாதாரண பிட்டரின் பிள்ளைமீது அயர்லாந்துக்காரர் ஒருவருக்கு என்ன அக்கறை? "அச்சா ஹை சாப்" என்று சொல்லிவிட்டு நகர்வேன். அந்தக் கேள்வி வீடுவரை கூடவே வரும்.

என் மகன் பிறந்தபோது நான் ஊரில் இல்லை. ஓரிடத்தில் ஒட்டி இருக்கும் சுபாவம் எனக்குக் கிடையாது. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன். திருச்சிராப்பள்ளி, கோலார், வாடி என்று கால் போன பக்கம் போனவன். அந்தத் தடவை பட்டறையில் சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்குப் போய், ஐந்து மாதம் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, காய்ச்சலோடு திரும்பினேன். வீட்டில் அப்பா இல்லை. இறந்து அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகியிருந்தது. தூளியில் ஒரு பையன் கிடந்தான். பெயர் கியரன் என்றாள் மனைவி. எங்களுக்கு உறவுக்காரர் யாரும் இங்கே இல்லாததால், ஞானஸ்நானத்தன்று கோயிலுக்கு வந்திருந்த போர்மன் துரையே ஞானத்தகப்பனாக நின்றாராம். நான் விட்டுப்போன வேலையைத் திரும்பக் கொடுத்தவரும் அவர்தான். அதுவே எனக்கு முதலில் உறுத்தியது.

"நம்ம பக்கத்துல பேருக்கா பஞ்சம்?" என்று கேட்டேன்.

"நல்ல பேருங்க. நம்ம வீட்டுக்கு ஆகுற பேரு. அர்த்தம் தெரிஞ்சா உங்களுக்கே விளங்கும்" என்றாள். அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டாள். அதையும் மனதில் குறித்துவைத்தேன்.

பட்டறைக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் சும்மா விடுவார்களா? "என்ன மாப்ளே, வீட்டுக்குத் துரை பேரு வந்தாச்சு. இனிமே கஞ்சியை முள்ளுக்கரண்டியாலதான் குடிப்பியா?" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிப்போய் மூக்கையும் நிறத்தையும் பார்த்தேன். என்னைப்போலவே நல்ல கறுப்பு. சந்தேகம் அதோடு போய்விடவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

டைம் ஆபீசில் ஒரு சட்டைக்காரக் கிளார்க், அதாவது ஆங்கிலோ இந்தியர், இருந்தார். அவருடைய தாத்தா அயர்லாந்துச் சிப்பாய். அவரிடம் அர்த்தம் கேட்டேன். "கியரனா? சின்னக் கறுப்பன்னு அர்த்தம், மேன்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். ஊருக்கெல்லாம் அருளப்பனான என் அப்பாவுக்கு, கிறிஸ்தவ வேதத்தில் சேரும் முன்பு பெயர் கருப்பன். அந்தப் பெயரை எங்கள் ஊரில் யார் யார் என்ன தொனியில் கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை விட்டுத்தான் இத்தனை தூரம் வந்திருந்தோம். லைனில் ஒருவருக்கும் தெரியாத பெயர் துரைக்கு எப்படித் தெரிந்தது? யாரோ சொல்லியிருக்கிறார்கள், கூடிச் சிரித்து என் பிள்ளை தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். அதன்பின் அந்தப் பெயரை நான் சொன்னதில்லை. "டேய்" என்றுதான் கூப்பிட்டேன்.

பையனுக்கு ஏழு வயதானபோது துரை ஓய்வு பெற்றார். கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம், சிக்கந்தராபாத்தில் சாமியார்கள் நடத்தும் பள்ளியில் பையனைச் சேர்க்க ஒரு தாள் அனுப்பினார். தகப்பன் கையெழுத்தும் ஞானத்தகப்பன் கையெழுத்தும் வேண்டும். அவர் போய்விட்டால் அந்த இடம் கிடைக்காது. நான் தாளைத் தொடவில்லை. "என்னை வெச்சு விளையாடினது போதாதா, அவனையும் அனுப்பணுமா?" என்று கத்தினேன்.

மனைவி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "துரை வெக்கல. நான்தான் கேட்டு வாங்குனேன். மூத்தவனுக்குத் தாத்தா பேரு வெக்க வேண்டாமா? அவங்க பழைய பேரைச் சொன்னா கோயில்ல தண்ணி ஊத்துவாங்களா? துரை அவரு ஊரு புனிதருங்க பேரா அடுக்குனாரு, கோயில் உபதேசியார் தமிழ்ல அர்த்தம் சொன்னாரு. ஒண்ணு புறாவாம், ஒண்ணு சின்ன நெருப்பாம். இது வந்ததும் போதும்னுட்டேன்."

"அப்பா பேரு அருளப்பன். அதையே வெச்சிருக்கலாமே?"

"கடைசி ரெண்டு நாளு அப்படிக் கூப்பிட்டா மாமா திரும்பவே இல்ல. 'கருப்பன் வந்திருக்கேன் ஆத்தா, கதவைத் தொற'ன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு. நீங்க எங்க இருந்தீங்க?"

சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் பெயரைச் சொல்லிவிட்டாளே. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய எந்தப் பெயரையும் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. இத்தனை வருஷம் அவளால் எனக்கு விளக்க முடியாமல் போனது அதனால்தான்.

கையெழுத்துப் போட்டு, பையனோடு துரை பங்களாவுக்குப் போனேன். மேஜை நாற்காலி எல்லாம் விற்றாகிவிட்டது. டிரங்குப் பெட்டிமேல் தாளை வைத்துக் கையெழுத்திட்டார். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாயா என்று பட்டறை இந்துஸ்தானியில் கேட்டார். "ஹவ் சாப்", ஆமாம் என்றேன். அது பொய். மன்னிப்புக் கேட்க எனக்கு மொழி போதவில்லை. மனதும் முழுதாக இளகவில்லை. முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்காக ஒரு மனிதர் ஏன் முன்வந்து நிற்க வேண்டும் என்ற கேள்வி, நிஜாமும் போய் துரைமாரும் போன இந்த நாளிலும் எனக்குச் சில சமயம் எழுகிறது.

திரும்பும்போது பையன் தண்டவாள ஓரமாக முன்னால் நடந்தான். "கியரன்" என்று கூப்பிட்டேன். நின்று திரும்பினான். நான் கை நீட்டியும் கிட்டே வராமல், எதற்கு அடி விழப்போகிறது என்று யோசிப்பவன்போல, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.