கழுவெளியில் அம்மாவும் கழிப்பறை வைத்த கேரவனும்

அம்மாவுக்குப் பூநாரை பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஆனால் பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது. அதனால் இரண்டு வருஷமாக எங்கள் சேலையூரைத் தாண்டி எங்கும் வருவதில்லை. வழியில் இருக்கும் கழிப்பறைகளை நம்பி அவளைக் கூப்பிட எனக்கும் வாய் வராது. இந்த ஜனவரியில் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்தேன். டிரைவரோடு ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம், டீசல் தனி. கொள்ளைதான். ஆனால் "உள்ளேயே பாத்ரூம் இருக்கு" என்றதும் அம்மா மறுபேச்சு பேசவில்லை.

"உங்க தெருல வண்டி திரும்பாதுக்கா. கேம்ப் ரோட்டாண்ட வந்து நின்னுக்கங்க" என்று டிரைவர் சரவணன் போன் செய்தார். ஞாயிறு காலை ஐந்தரைக்கு அங்கே நின்றோம். பால் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைப் பார்த்து, "என்னம்மா, ஷூட்டிங்கா?" என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் வழியாக ஈசிஆர். மரக்காணம் பக்கத்தில் இருக்கும் கழுவெளி பறவைகள் சரணாலயம் எங்களுக்கு ஏறக்குறைய 115 கிலோமீட்டர். இட்லிக்கு நிறுத்தியதையும் சேர்த்து மூன்று மணி நேரம் ஆனது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கரைமேல் கொஞ்ச தூரம் நடந்தோம். தூரத்தில் உப்புக் குவியல் என்று நான் நினைத்தது நகர்ந்தது. "அதான்டி" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு பைனாகுலரை என்னிடம் தரவே இல்லை.

பதினோரு மணி வெயிலில் திடீரென்று என் தோளைப் பிடித்தாள். "கண்ணை இருட்டிக்கிட்டு வருது." எனக்கு உயிரே போய்விட்டது. சரவணனும் நானும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வண்டிக்குள் படுக்க வைத்தோம். நாக்கு வறண்டிருந்தது. சர்க்கரையும் துளி உப்பும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்ததும் தெளிந்தாள்.

"காலையிலேர்ந்து எவ்ளோ தண்ணி குடிச்சே?"

"மாத்திரைக்கு ஒரு மடக்கு."

"பாத்ரூம் இங்கயே இருக்கேம்மா. அதுக்குத்தானே இந்த வண்டி?"

"இருக்குதான். வெளியூர் போற அன்னிக்கு யாருடி தண்ணி குடிப்பா?"

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவளோ ஜன்னல் வழியாக மறுபடி பைனாகுலரை நீட்டிக்கொண்டிருந்தாள். மாலையில் திரும்பும்போது வண்டலூரில் உயிரியல் பூங்காக் கூட்டம். முக்கால் மணி நேரம் நகரவே இல்லை. அந்த நெரிசலின் நடுவே அம்மா எழுந்து, நிதானமாகப் பாத்ரூம் போய்விட்டு வந்து உட்கார்ந்தாள். கொடுத்த பணம் அங்கேயே வசூலாகிவிட்டது.

போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். நாங்கள் நின்ற இடத்தில் நிழலே இல்லை. சாப்பாட்டை மரக்காணத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பெண்களுக்குத் தனியாக ஒன்று: கழிப்பறை உள்ள வண்டியில் ஏறினால் மட்டும் போதாது, தண்ணீரும் குடிக்க வேண்டும். இதையேதான் அன்றைக்கு அம்மாவுக்கு நீட்டி முழக்கினேன். பேசிப் பேசித் தொண்டை வறண்டு என் பையைத் திறந்தேன். காலையில் வீட்டில் நிரப்பிய என் பாட்டில் கழுத்துவரை அப்படியே இருந்தது.