நாய்க்கு மறைப்புப் பிடித்த காலை

மெல்பேர்னில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் குளிர்சாதனப் பெட்டியில், பால் போத்தலுக்கும் வெண்ணெய்க்கும் நடுவே, ஒரு நாள் முழுக்க நாயின் சிறுநீர் இருந்தது. வைத்தவள் நான். வீட்டுக்காரி ஹெலன் காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போகிறவர். அவருடைய ஒன்பது வயது நாய் ரூபி கொஞ்ச நாளாகக் கம்பளத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது. கிருமித் தொற்றாக இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும் என்றார் மிருக வைத்தியர். ஹெலன் மேசையில் ஒரு சூப் கரண்டி, ஒரு சின்ன டப்பா, ஒரு துண்டுக் கடிதம் வைத்துவிட்டுப் போயிருந்தார். காலையில் கழிக்கும் முதல் சிறுநீர், தரையில் படாமல், நடுவில் பிடிக்க வேண்டும். பிடித்ததும் ரூபியைப் பாராட்ட மறக்க வேண்டாம்.

எதையும் 'நான் செய்றேன்' என்று முந்திக்கொள்வது என் சுபாவம். இரண்டு வீடியோ பார்த்துவிட்டுக் கரண்டியோடு புல்வெளியில் இறங்கினேன். ரூபி குந்தும், கரண்டி நீளும், ரூபி எழுந்துவிடும். நான்கு சுற்று இப்படியே போனது. குளிரில் விரல் மரத்துவிட்டது. கையில் கரண்டி இருந்தாலும் மனம் இலங்கையில், எல்கடுவ பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா இருக்கும் லயத்து வீட்டில்தான் இருந்தது. அதே வாரம்தான் மாத்தளை டாக்டர் அம்மாவுக்கும் இதே பரிசோதனையை எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று வாரமாக இடுப்பு வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல். சீட்டு மடித்தபடி எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் கிடந்தது.

ரூபி ஐந்தாவது முறை எழுந்து என்னைப் பார்த்தபோது அந்தப் பார்வை எனக்குப் பிடிபட்டது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில் நானும் அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போயிருக்கிறேன். மலையில் கழிப்பறை கிடையாது. பத்து மணித் தேநீர் வரும்போது அம்மா சொல்வார், "வாய நனைச்சுக்க. முழுங்காத." அப்படியும் முடியாமல் போனால் ஒருத்தி செடிகளுக்கு இடையில் உட்காருவாள். இன்னொருத்தி இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து விரித்து, முதுகைக் காட்டி நின்று, சத்தமாகப் பேசிக்கொண்டே இருப்பாள். பேச்சுச் சத்தம் கேட்டால் விஷயம் புரிந்து கங்காணி அந்தப் பக்கம் வரமாட்டார். பேச விஷயம் இல்லாவிட்டால் மாமியாரைத் திட்டுவார்கள். திரும்பி மட்டும் யாரும் பார்க்கமாட்டார்கள். மறைப்புப் பிடிப்பது என்று அதற்குப் பெயர்.

மழைக்கோட்டைக் கழற்றி இடது கையால் விரித்தேன். ரூபிக்கு முதுகைக் காட்டிக் கரண்டியைப் பின்னால் தாழ்த்திப் பிடித்தபடி, வாய்க்கு வந்ததைத் தமிழில் உரக்கப் பேச ஆரம்பித்தேன். கல்லூரியைத் திட்டினேன், விசா விண்ணப்பத்தைத் திட்டினேன். வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக் கிழவர் தலையை நீட்டினார்.

"எல்லாம் சரிதானே பெண்ணே? என்ன செய்கிறாய்?"

"காவல் நிற்கிறேன்."

"யார் வந்துவிடுவார்கள் என்று?"

"கங்காணி."

அவர் புல்லை உற்றுப் பார்த்தார். "அது என்ன, பாம்பா?"

"கிட்டத்தட்ட" என்றேன். அவர் அவசரமாக உள்ளே போனார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் சத்தம் கேட்டது. கரண்டியைத் தள்ளினேன். பாதி என் காலில் கிடந்த சப்பாத்தில், பாதி கரண்டியில். போதுமானதாக இருந்தது.

அன்று மாலை அம்மாவிடம் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"நாயி மூத்திரத்தப் புடிக்கத்தான் ஒன்னைய அவ்வளவு தூரம் அனுப்புனோமா?"

"நாயாவது கொடுத்துருச்சும்மா. நீங்கதான் இன்னும் கொடுக்கல."

"அதுக்குப் புல்லு இருக்கு, ஒரு ஆளு இருக்கு, கரண்டி இருக்கு. எனக்கு ஒரு நாள் பேரு போகும், சம்பளமும் போகும்."

போனை வைத்துவிட்டார். ஆனால் நான் சொன்னது உறுத்தியிருக்க வேண்டும். மறு வாரம் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மாத்தளைக்கு பஸ் ஏறினார்.

ரூபிக்குத் தொற்று ஆரம்ப நிலைதான். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது என்றார்களாம். "பாவம், வெளியே விடச் சொல்லி என்னிடம் கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறாள், எனக்குப் புரியவில்லையே" என்று ஹெலன் அழுதார். அந்த வாரமே ஆள் வந்து, ரூபி நினைத்தபோது போய்வரப் பின்கதவில் சின்னக் கதவு வெட்டினான். அம்மாவின் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. ஆங்கிலம் என்பதால் அம்மாவுக்கு அதை நான்தான் வாசித்துச் சொன்னேன். தொற்று சிறுநீரகம் வரை போயிருந்தது. மருந்து கொடுத்த டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார்: நிறையத் தண்ணீர், அடக்கவே கூடாது.

தோட்டத்து ஆபீசுக்கு நானே போன் எடுத்தேன். மலையில் ஒரு கழிப்பறை, தகரத்திலாவது, என்று கேட்டேன். கிளார்க் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க இப்ப எங்க செக்ரோல்ல, ஆள் கணக்குலயே இல்லையே தங்கச்சி. அங்க நல்லா இருக்கீங்கதானே? அம்மாவ வேணும்னா லீவு போடச் சொல்லுங்க."

அம்மாவிடம் கத்தினேன். "தண்ணி குடிங்கம்மா. செத்துப் போயிருவீங்க."

"குடிச்சா எங்கடி போறது? மறைப்புப் புடிக்க மலையில முன்ன மாதிரி ஆளா இருக்கு? பாதிப் பேரு கொழும்புக்குப் போயிட்டாளுக." பிறகு அவரே சொன்னார்: "ஞாயித்துக்கிழம குடிக்கிறேன். வீட்டுலதானே இருப்பேன். போதுமா?"

போதாது. ஆனால் கிடைத்தது அவ்வளவுதான். போன ஞாயிறு வீடியோவில் அழைத்தேன். தகரப் பெட்டிமேல் போனைச் சாய்த்து வைத்து, செம்பைத் தூக்கிக் காட்டி, "பாத்துக்க" என்று குடிக்க ஆரம்பித்தார். சமையலறைக்கு வந்த ஹெலன் என் தோளுக்கு மேலே குனிந்தார்.

"உன் அம்மாவா? என்ன குடிக்கிறார்?"

"தண்ணீர். ஞாயிற்றுக்கிழமைகளில் குடிப்பார்."

"விரதமா? எவ்வளவு அழகான வழக்கம்" என்று சொல்லிக் கை அசைத்தார்.

அம்மா வெள்ளைக்கார முகத்தைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்தார், முந்தானையைச் சரிசெய்தார், எழுந்து நின்றுவிட்டார். திரையில் முகம் இல்லை. சேலையும், அதை இறுக்கிப் பிடித்த கையும், பாதி குடித்த செம்பும் மட்டும் தெரிந்தன. ஹெலன் அந்தச் சேலைக்குக் கை அசைத்துக்கொண்டே இருந்தார்.

"உக்காருங்கம்மா. குடிங்க."

"தொரசாணி நிக்கிறாங்கல்ல" என்ற குரல் மட்டும் வந்தது. தோட்டத்தில் துரையின் மனைவி முன்னால் யாரும் உட்காருவதில்லை.

"என்ன சொல்கிறார்?" என்றார் ஹெலன்.

"உங்களை நலம் விசாரிக்கிறார்" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. நாற்காலி பின்னால் கிடக்க, நானும் நின்றுகொண்டிருந்தேன்.