பெருமாள் முன்னால் வைத்த தந்தி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சோபாதான் உண்டு. இன்னொரு சோபா போட வேண்டிய இடத்தில் டபுள் பேஸ் நிற்கிறது. வயலினை உரம் போட்டு ஆள் உயரத்துக்கு மேல் வளர்த்த மாதிரி இருக்கும். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். "ஆன்டி, இத யாரு வாசிக்கிறா?" என்று கேட்டால் நான்தான் என்பேன். நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தவள் நான். படிப்பும் ஆறாம் வகுப்போடு சரி.

பேஸ் என் அண்ணனுடையது. கோலாலம்பூரில் ஓட்டல் பேண்டில் வாசித்தவர், மகளோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது எங்களிடம் விட்டுப் போனார். ஒரு சனிக்கிழமை கோயில் பஜனையில் கரண்ட் போய் சுருதிப் பெட்டி நின்றுவிட்டது. அடுத்த வாரம் துணைக்கு இருக்கட்டும் என்று இதைக் கொண்டுபோய், தடித்த தந்தியை மட்டும் சுருதிக்குச் சேர்த்து விரலால் மீட்டினேன். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பாட்டு முடியும்போது யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் பஜனைச் சங்கத்தில் அதற்குப் பெயர் யானை. நான் யானைக்காரி.

அதற்குப் பிறகுதான் என் கணவருக்கு நெஞ்சு ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். இவரை நடக்கவிட்டு வீட்டுக்கு அனுப்பு, என் கை உள்ளவரை புரட்டாசி சனிக்கிழமை ஒவ்வொன்றிலும் உன் சன்னதியில் யானை ஒலிக்கும் என்றேன். அவர் நடந்தே வந்தார். மேருவில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டியவர், இப்போது யானையை ஏற்றி இறக்க மட்டும் லோரி எடுக்கிறார்.

யானைக்கு ஒரே ஒரு தீனிதான் ஒத்துக்கொள்ளும். அண்ணன் போட்டிருந்த அதே கம்பெனித் தந்தி. பெயரெல்லாம் என் வாயில் நுழையாது. நுனியில் பச்சைப் பட்டு நூல் சுற்றியிருக்கும், அதனால் பச்சை நூல் என்பேன். விரலைக் கிழிக்காது. சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் வயிற்றில் விழும். அதோடு எங்கள் யானை சாதாரணத்தைவிட நீளம். மற்ற கம்பெனித் தந்திகள் எட்டாது.

அந்தப் பச்சை நூல் வருவது நின்றுபோனது. பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வாங்கும் இசைக்கருவிக் கடைக்காரர், ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்ததும் கையை விரிப்பார்.

"வெளிநாட்டுல செய்றதே கம்மியாயிருச்சுக்கா. ஓடர் போட்டு வச்சிருக்கேன், வந்தா மொத போன் உங்களுக்குத்தான் லா."

"போன மாசமும் இதத்தான சொன்னீங்க?"

"சொல்லு மாறாம இருக்கேன் பாருங்க, அதுக்காவது ஒரு வார்த்த பாராட்டலாம்ல?"

நானும் என்னால் ஆனதைச் செய்தேன். வாசித்து முடித்ததும் வேர்வையைத் துடைத்தேன். நகத்தை ஒட்ட வெட்டினேன். பேரப்பிள்ளைகள் வந்தால் யானைக்குப் போர்வை போர்த்தினேன். வீட்டில் வாசித்துப் பழகுவதைக்கூட விட்டு, கையை மட்டும் காற்றில் அசைத்துப் பழகினேன். அதைப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, "ஏன்க்கா, கை பிடிச்சுக்கிச்சா?" என்று தைலத்தோடு வந்துவிட்டார்.

அப்படிக் காத்தும், புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, பஜனையின் நடுவில் அந்தத் தடித்த தந்தியின் மேல் சுற்று பிரிந்துகொண்டது. கோவிந்தா என்று எல்லாரும் உருகும்போது யானை மட்டும் பிஸ்கட் டின்னில் கல் போட்ட மாதிரி கறகறத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். இன்னொரு பஜனைக்குத் தாங்காது என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் ஆரம்பித்தார்.

"ஏம்மா, கம்பி அறுந்துச்சுன்னா என் கத என்னாவும்? வேண்டுதல் என் பேருல இல்ல இருக்கு?"

"வாய மூடிக்கிட்டு ரோட்டப் பாருங்க."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். பெருமாள் கணக்குப் பார்க்கிறவர் இல்லை என்று தெரியும். ஆனாலும் கொடுத்த வாக்கு என் வாக்கு.

திங்கட்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வழக்கமான பாட்டைப் பாடாமல் மாடிக்கு ஏறினார். தூசி தட்டிக்கொண்டே ஒரு காகித உறையோடு இறங்கி வந்தார். உள்ளே ஒரு தந்தி. இரும்பில்லை, நைலான் மாதிரியும் இல்லை. தேன் நிறத்தில், துணி காயப்போடும் கயிறு பருமனில், நீளமாக இருந்தது.

"பழைய ஸ்டாக்குக்கா. அப்பா காலத்துல வந்தது. பெரிய ஆர்கெஸ்ட்ராக்காரங்க போடுறதாம். இயற்கைப் பொருள்ல செஞ்சதுன்னு மட்டும் போட்டிருக்கு."

இயற்கைப் பொருள் என்றதும் எனக்குச் சந்தோஷம். பருத்தியோ, ஏதாவது மரத்து நாரோ என்று நினைத்துக்கொண்டேன். இரும்பைவிடச் சுத்தமானதல்லவா, புரட்டாசிக்குப் பெருமாளே பார்த்து அனுப்பியிருக்கிறார் என்று கண்ணில் ஒற்றி வாங்கி வந்தேன்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், கார் சாவியோ பள்ளிப் புத்தகமோ, முதலில் சாமி மேடையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்போம். தந்தியையும் மஞ்சள் தண்ணீரில் துடைத்து, குங்குமம் வைத்து, பெருமாள் படத்துக்கு முன்னால் துளசிப் பக்கத்தில் சுருட்டி வைத்தேன். சூடம் காட்டினேன். செவ்வாய்க்கிழமை காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால், எங்கள் பூனை சாமி மேடையில் ஏறி உட்கார்ந்து தந்தியின் ஒரு நுனியை நக்கிக்கொண்டிருக்கிறது.

நெய் விளக்கை ஏறெடுத்தும் பார்க்காத பூனை. புரட்டாசி பிறந்ததிலிருந்து வீட்டில் மீன் வாடையே இல்லாமல் என்மேல் கோபத்தில் இருந்த பூனை. அதன் வாயிலிருந்து பிடுங்கி முகர்ந்தேன். மஞ்சள் தண்ணீரில் ஊறிய இடத்தில் ஒரு வாசனை. ஒவ்வொரு தீபாவளிக்கும் இவருக்குப் பிடிக்கும் என்று என் கையாலேயே கழுவிச் சமைக்கிறவள் நான். எனக்கா தெரியாது?

அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் போனே குலுங்கியது.

"ஆட்டுக் குடலும்மா அது! பழைய காலத்துல அதாம்மா தந்தி. காய வச்சு முறுக்குறது."

இவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அடிப்பாவி, புரட்டாசியில பெருமாளுக்கே குடல் கொழம்பு வச்சுட்டியா!" என்று சோபாவில் விழுந்து சிரித்தார். நான் அழுதுகொண்டே மேடையைக் கழுவினேன். கழுவக் கழுவ எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

விஷயம் சங்கத்துக்குப் போனது. இவர்தான் சொல்லியிருப்பார். அங்கே மிருதங்கம் வாசிப்பவர் எனக்காகக் கட்சி கட்டினார்.

"என் மிருதங்கத்துல என்னா, வாழ மட்டையா கட்டியிருக்கு? தோலுதான? அதுக்கு மட்டும் பெருமாள் கண்ண மூடிக்கிறாரா?"

சங்கத் தலைவி அக்கா விடவில்லை. "அது வேற, இது வேற. மிருதங்கம் ஆதியிலேருந்து சாமி முன்னால இருக்கு."

"அப்ப ஆடு நேத்துதான் பொறந்துச்சா?"

எனக்கு இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. வாதம் செய்யும் அளவுக்கு நான் படிக்கவில்லை. ஆனால் அந்தத் தந்தியை மீட்டினால் என் வாய் கோவிந்தா என்னும், மனசு தீபாவளிச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது வேண்டுதல் இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்கப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கே போனேன். கடைக்காரர் பூனைக் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகுதான் அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

"செலாயாங் பாசார்ல ஒரு சீன அங்கிள் காய்கறி மொத்த வியாபாரம் பண்றாரு. கல்யாண விருந்துல பேஸ் வாசிப்பாரு. அவரோடதும் உங்க யானை சைஸுதான். பச்ச நூல்தான் போட்டிருக்காரு. கேட்டுப் பாருங்கக்கா."

வியாழக்கிழமை இவரும் நானும் லோரியில் யானையையும் ஏற்றிக்கொண்டு செலாயாங்குக்குப் போனோம். பாசாரில் வியாபாரம் முடிந்து, அங்கிள் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒளிக்கவில்லை. இது சாமி மேடையில் இருந்தது, மஞ்சள் குங்குமம் பட்டது, சூடம் காட்டியது, பூனையும் நக்கியது. உங்களுக்கு மனசு ஒப்பினால் இதை வைத்துக்கொண்டு உங்கள் பழைய பச்சை நூலைத் தர முடியுமா என்று கேட்டேன்.

அவர் தந்தியைக் கையில் வாங்கி, கத்தரிக்காய் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. இளவயதில் இந்த மாதிரித் தந்தியில்தான் பழகினாராம், இப்போது எங்கே தேடியும் கிடைப்பதில்லையாம்.

"செம்பாயாங் சுடா? பாகுஸ் லா!" என்றார். சாமி கும்பிட்டாச்சா, அப்போ ரொம்ப நல்லது என்று அர்த்தம். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஆனா ஆன்டி, ஆடு புல்லுதானே திங்குது? அதுவும் சைவம்தானே?" என்று மலாயில் கேட்டார்.

இவருக்கு அது போதும். இரண்டு பேரும் பத்து வருஷச் சிநேகிதர்கள் மாதிரி முதுகில் தட்டிக்கொண்டார்கள்.

அங்கிள் தன் பேஸிலிருந்து தடித்த தந்தியை மெல்லக் கழற்றினார். பாதித் தேய்ந்ததுதான், ஆனால் சுற்று பிரியவில்லை. அவரே யானையில் பூட்டி, முறுக்காணியைத் திருகி, காதை மரத்தில் வைத்துக் கேட்டார். பிறகு விலகி நின்று, "நீங்க" என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தடவை மீட்டினேன். வயிற்றில் விழுந்தது. வரும்போது ஒரு பை நிறைய முருங்கைக்காய் வேறு கொடுத்தனுப்பினார், பெருமாள் வீட்டுச் சாம்பாருக்கு என்று.

மூன்றாம் சனிக்கிழமை கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு முதல் மீட்டலைப் போட்டேன். பிறகு பாட்டு ஏறியது, மிருதங்கம் சேர்ந்தது, ஜால்ரா சேர்ந்தது. இவர் தூணோரம் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் கண்ணைத் திறந்து பார்த்தேன். தாளம் போடாத கையை நெஞ்சின் தழும்பு மேல் வைத்திருந்தார். கேலி செய்கிற மனுஷன் கேலி செய்யாமல் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த வருஷம் கடைசிச் சனிக்கிழமை வரை தந்தி தாங்கியது.

புரட்டாசி முடிந்து சுண்டலும் புளியோதரையும் எடுத்துக்கொண்டு செலாயாங்குக்குப் போனோம். ஆட்டுத் தந்தி அருமையாகப் பேசுகிறதாம். ஒரே ஒரு தொல்லை, அவர் வாசிக்க உட்கார்ந்தால் வீட்டு நாய் பேஸை விட்டு நகர மாட்டேன் என்கிறதாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர் இன்னும் சொல்லு மாறாமல் இருக்கிறார். எங்கள் பூனையும் மாறவில்லை. காலையில் நான் விளக்கேற்றும் நேரத்துக்குச் சரியாக வந்து, சாமி மேடைக்குக் கீழே உட்கார்ந்து, பெருமாளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. தைலம் கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்னா பக்திக்கா இதுக்கு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆமாம்மா என்று சொல்லிவிட்டேன்.