எண் போடாமல் விட்ட ஒரு வரி

புடவை டிசைனைத் தறிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் எழுதுவது என் வேலை. ஆரணியில் எங்காவது தறிச் சத்தம் திடீரென நின்றால் முதல் போன் எனக்குத்தான் வரும்.

புதுசு தானா வரும்

இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், எல்லாவற்றையும் நாமே எழுதுவதில்லை. படத்தைச் சுருக்க, முன்பின் தெரியாத யாரோ எழுதி இணையத்தில் வைத்த நிரல் தொகுப்பை, அதாவது பேக்கேஜை, இறக்கிக்கொள்கிறோம். எந்தப் பேக்கேஜ், அதில் எத்தனையாவது வெர்ஷன் என்று ஒரு கோப்பில் குறிக்க வேண்டும். பக்கத்து சீட் ஜெபகுமார் பெயரை மட்டும் குறித்திருந்தார். பயந்துபோய் எண்ணைக் கேட்டேன்.

"எதுக்குங்க எண்? போடலைன்னா புதுசு தானா வரும். புதுசுன்னா நல்லாத்தானே இருக்கும்?"

மூக்கு

தறி வைத்திருக்கும் ஏகாம்பரம் அண்ணன் புதுக் கணினி வாங்கினார். மென்பொருளை அதில் ஏற்றியபோது, எண் போடாமலே விட்டிருந்ததால் பேக்கேஜும் புதியதாகவே வந்து உட்கார்ந்தது. பழையது சுருக்கினால் கோடு கலையாமல் அப்படியே இருக்கும். புதியது ஓரங்களை மழுக்கி அழகு செய்யும். போட்டோவுக்கு அது சரி. தறிக்கு அப்படியில்லை, ஒவ்வொரு புள்ளியும் ஓர் இழை. அவர் தறியில் இருந்தது அன்னப்பறவை போட்ட ஒரு முகூர்த்தப் புடவை. மறுநாள் போன் வந்தது.

"அன்னத்துக்கு மூக்கே இல்லம்மா. பொண்ணு வீட்டுக்காரங்க செய்யார்லேர்ந்து பாக்க வந்துகினு இருக்காங்க. ஜல்தி வாங்க."

ஒத்துக்கொள்ளாத பேக்கேஜ்கள்

ஓடினேன். பழைய வெர்ஷன் எண்ணைப் போட்டேன். உடனே இன்னொரு பேக்கேஜ், புதியது இருந்தால்தான் வேலை செய்வேன் என்றது. அதையும் பழையதாக்கினால் மூன்றாவது முரண்டு பிடித்தது. அண்ணன் தப்பாக விழுந்த குறுக்கு நூலான ஊடையை ஒவ்வோர் இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார், நீளவாக்கில் ஓடும் பாவு அறுந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு.

எல்லாவற்றுக்கும் எண் போட்டு முடித்து, அன்னம் மூக்கோடு திரையில் வந்தபோது வாசலில் கார் நின்றது. பெண்ணின் அம்மா தறியை எட்டிப் பார்த்தார்.

"நேத்து போட்டோ அனுப்புனப்போ இதைவிட நெறைய நெய்ஞ்சிருந்தீங்களே?"

வயர்

கல்யாணம் வரை கணினியில் எதுவும் மாறக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அது தானாக எதையாவது புதுப்பித்துக்கொண்டால் என்ன செய்வது? காலையில் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அந்த பேஜாரே வேணாம்மா. நெட்டு வயரைப் புடுங்கி எங்க வீட்டம்மா பீரோல வச்சுப் பூட்டிகினாங்க. தாலி ஏறுனப்புறம்தான் தருவாங்களாம்."

புதிது புதிதாக எதையாவது செய்யலாம் என்று நம்பி இந்த வேலைக்கு வந்தேன். இப்போது புதிதாக எதுவும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம் வாங்குகிறேன்.