கறுப்புத் திரையில் வந்த விசாரிப்பு

புனேயில் இருக்கும் என் மகள், அங்கிருந்தே என் கணினிக்குள் நுழைந்து அவள் அம்மாவின் படங்களை எடுத்துக்கொள்ள ஒரு மென்பொருள் வேண்டும் என்றாள். அந்தப் படங்களுக்கு வேறு நகல் கிடையாது. இன்று காலை குமணன்சாவடி கணினிக் கடைக்காரர் வந்து போட்டுக் கொடுத்தார்.

"பாஸ்வேர்ட யாராண்டயும் சொல்லாத நைனா. இந்த வரிசை ஊடு மொத்தத்துக்கும் ஒரே வைஃபை."

மறைந்த மனைவியின் பெயரையே பாஸ்வேர்டாக வைத்தேன். இந்த வயதில் எழுதக் கற்றதும், வாசல் கதவில் சாக்பீஸால் நான் எழுதிய முதல் சொல் அது.

அவர் போனபின், நான் தொடாமலே அந்த மென்பொருளின் கறுப்புத் திரையில் எழுத்துகள் வந்தன. கூட்டிப் படித்தேன்.

"சாப்ட்டியா?"

எனக்கு வந்த முதல் கடிதம்! மகிழ்ச்சியில் மகளுக்கு போன் செய்தேன்.

"நான் இன்னும் உள்ளயே வரல நைனா. பஸ்ல கீறேன்."

திரையில் அடுத்த வரி வந்தது.

"கதவுல எழுதிகீற பேர அழி பெருசு. உள்ள வர அது போதும்."

வாசலுக்கு ஓடினேன். வரிசையில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. ஈரத் துணியால் அவள் பெயரைத் துடைத்தேன். கடைக்காரர் போனில் சொல்லச் சொல்ல, பாஸ்வேர்டை மாற்றினேன். படங்கள் பத்திரம்.

வரிசை வீட்டுக்காரர்களே, வந்தது உங்களில் யாராவது என்றால் சொல்லிவிடுங்கள். சாப்பிட்டுவிட்டேன். புதுப் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.