பச்சை அட்டையில் எழுதிய விஷயம்

என் கணவருக்குப் புரொஸ்டேட் கான்சர் என்பது ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தெரியும், மருந்து கேட்டுப் போராடிய எங்கள் பிரசாரக் குழுவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தெரியாது. லூயிஷாம் கோவில் வாசலில் நின்று அந்த மருந்துக்காகக் கையெழுத்து வாங்கிய நாட்களில்கூட, "என்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரி ஒராளின்ர மனிசனுக்கு" என்றுதான் சொன்னேன். அப்படிச் சொல்லச் சொன்னவர் என் கணவர்தான். அந்த இடத்தில் நோய், அப்படி ஒரு வருத்தம் என்று வெளியில் தெரிந்தால் மானம் போய்விடுமாம். மானத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செத்துப்போங்கோ என்று ஒருநாள் கத்தினேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

போட்டுவந்த ஊசி கேட்காமல் போனபிறகு டொக்டர் புது மருந்து ஒன்றைச் சொன்னார். எங்கள் பகுதிச் சுகாதார நிர்வாகம் அதைத் தர மறுத்துவிட்டது. நாலு பஸ் தரிப்புத் தள்ளி, வேறு நிர்வாகத்தின் கீழ் இருந்தவர்களுக்கு அதே மருந்து கிடைத்தது. வீட்டை மாற்றுவோமா என்றுகூட யோசித்தேன். கடைசியில்தான் அந்தக் குழுவில் சேர்ந்தேன்.

குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய கணவரும் இதே வருத்தத்தில் போனவர். ஒரு புதன்கிழமை எல்லோருமாகப் பாராளுமன்றத்துக்குப் போய் அவரவர் தங்கள் எம்.பி.யைப் பிடிப்பது என்று முடிவானது. ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள் என்று அவர் படிப்பித்தார்: மருந்தின் பெயர், மறுத்த திகதி, நோயாளி இப்போது எப்படி இருக்கிறார். என் கணவர் பத்து நாள் குசினிக்குள் அடுப்படியில் நின்று சொல்லிப் பழகினார். இங்கிலீஷ் பிசகவில்லை.

புறப்படும் நாள் காலையில் பார்த்தால், தலைக்கு மை அடித்து, கல்யாண வீடுகளுக்குப் போடும் கோட்டும் சூட்டுமாக நிற்கிறார். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. மடித்துச் சட்டை ஊசி குத்தியிருந்தார்.

"வருத்தக்காரன் மாதிரிப் போனாத்தானே நம்புவினம்?" என்றேன்.

"எம்.பி.யைப் பாக்கப் போறம். பரதேசி மாதிரியே போறது?"

பாராளுமன்றத்தின் நடு மண்டபத்தில் ஒரு பச்சை அட்டை தருவார்கள். பெயர், விலாசம், எம்.பி.யை எதற்காகப் பார்க்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். 'புரொஸ்டேட் கான்சர் மருந்து' என்று நான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மணித்தியாலம் மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவருக்கு எலும்புக்குள் நோவு. அவரால் இருக்க முடியவில்லை. என் கோட்டை மடித்து அவருக்குக் கீழே வைத்தேன்.

எம்.பி. வந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கை கொடுத்தார்.

"வெரி வெல், சேர்," என்றார் என் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் என் கணவர் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்டினார். உறைக்குள் என் தம்பியின் வழக்கு இலக்கமும் கடிதங்களும் இருந்தன. தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, ஊருக்கே திருப்பி அனுப்புவதற்காகத் தம்பி அப்போது தடுப்பு முகாமில் இருந்தான். நான் அதற்காக அழுதது குளியலறைக்குள், தண்ணீரைத் திறந்துவிட்டு. இவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

எங்கள் ஆட்களுக்கு எம்.பி. என்றால் விசா அலுவல். வேறு ஒன்றுக்கும் யாரும் போவதில்லை. அந்த மனிதருக்கும் அது பழக்கமான சங்கதி. உறையை வாங்கியதும் முகம் தெளிந்து, இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, விசாரிக்கவேண்டியதெல்லாம் விசாரித்தார். நான் இடையில் புகுந்து, "சேர், நாங்கள் வந்தது மருந்து விஷயமாக" என்று தொடங்கினேன். வாக்கெடுப்புக்கு மணி அடித்தது. அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் ஓடிப்போனார்.

வெளியே பஸ் தரிப்பில் வைத்து, வாயில் வந்தபடியெல்லாம் ஏசினேன். நான் நிறுத்தும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சரும், அந்த மருந்து கிடைச்சாலும் எனக்கு ஒரு ஆறு மாசம் கூடும். உம்மட தம்பியை இப்ப அங்க அனுப்பினா அவன் ஆறு நாள் இருப்பானோ தெரியாது."

"எனக்கு அந்த ஆறு மாசம் வேணும்," என்றேன்.

பஸ் வந்தது.

எம்.பி. தலையிட்டதில் தம்பியைத் தடுப்பு முகாமிலிருந்து விட்டுவிட்டார்கள். எங்களுடன்தான் வந்து இருந்தான். கட்டிலோடு கிடந்த மனிதரைப் பார்த்து, "அத்தானுக்கு மருந்து ஒண்டும் இல்லையே, அக்கா?" என்று கேட்டான். நான் வாய் திறக்கமுன், "இதுக்கு மருந்து இல்லையடா தம்பி" என்று அவரே சொல்லிவிட்டார். எம்.பி.யின் அலுவலகத்துக்கு நான் மூன்று கடிதம் எழுதினேன். சம்பந்தப்பட்டவர்களுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது. அந்த மாரிக் குளிரிலேயே என் கணவர் போய்விட்டார். கிரியைகளுக்குத் தம்பிதான் ஓடித் திரிந்தான்.

அடுத்த வருடம் குழு மறுபடி பாராளுமன்றத்துக்குப் போனது. எம்.பி.க்கு நேரில் நன்றி சொல்லவேண்டும் என்று தம்பியும் என்னோடு வெளிக்கிட்டான். பெட்டியில் போட்ட நல்ல பேனை ஒன்று வாங்கி வைத்திருந்தான். அதே மண்டபம், அதே வாங்கு. பச்சை அட்டையில் அதே விஷயத்தை எழுதிக் கொடுத்தேன்.

எம்.பி.க்கு என்னை நினைவிருந்தது. இவர்தான் உங்கள் தம்பியா என்று சந்தோஷமாகக் கை கொடுத்தார். பிறகு, உங்கள் கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

வெரி வெல் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். மருந்தின் பெயரைச் சொன்னேன். மறுத்த திகதியைச் சொன்னேன். அவர் செத்துப்போனார் என்று சொன்னேன். போன வருடம் உங்களிடம் வந்தது இதற்காகத்தான் என்றும் சொன்னேன்.

எம்.பி. தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். தம்பி பேனைப் பெட்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் இதுக்கே வந்தனீங்கள்?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம். அத்தான் இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"ஓம்," என்றேன்.