சூப்பு அக்காவின் கட்டாய லீவு

குழந்தைகள் காப்பகத்தின் சமையற்காரியை எல்லாரும் "சூப்பு அக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வாண்டுகளுக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, மசித்து, வாய் பொறுக்கும் சூட்டில் சூப்பு கொடுப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாகத் தன் சமையலால் ஒரு பிள்ளைக்கும் வயிறு கெட்டதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை ஆறு குழந்தைகள் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் பேதியும் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை, இரட்டைப் பிள்ளைகளின் அப்பாவான வங்கி அதிகாரி வாசலிலேயே குதித்தார்.

"சூப்புலதான் ஏதோ இருக்கு. இந்தம்மாவ அடுப்பு பக்கமே விடாதீங்க!"

காப்பகம் நடத்தும் அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கோவிச்சுக்காத. கொஞ்ச நாள் வீட்டுல இரு. பிள்ளைங்க அவங்கவங்க சாப்பாட்ட கொண்டு வரட்டும்."

வீட்டுக்குப் போன அக்கா, கோபத்தையெல்லாம் பாத்திரங்கள்மேல் காட்டினாள்.

"இன்னும் தேய்ச்சா அடி கழண்டுடும்" என்றான் பஸ் ஓட்டும் கணவன்.

"உன் வாய் முதல்ல கழண்டு விழட்டும்!"

சூப்பு நின்றும் பேதி நிற்கவில்லை. வியாழன், வெள்ளியில் மேலும் நான்கு பிள்ளைகள் படுத்தார்கள். வங்கி அதிகாரியும் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அவர் அந்தச் சூப்பை மோந்துகூடப் பார்த்ததில்லை.

பிள்ளைகளின் மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்த டாக்டரம்மா, சனிக்கிழமை முடிவோடு வந்தார்.

"ரோட்டா வைரஸ் இல்ல, இது நோரோ வைரஸ். சாப்பாட்டுலயும் வரும்தான். ஆனா சூப்ப நிறுத்தியும் பரவுதுன்னா, கை வழியாவும் பொம்மை வழியாவும் போகுது. ஆன்டிபயாடிக் கேக்காது. ஓ.ஆர்.எஸ். கரைசலக் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. கைக்குத் தடவுற ஜெல்ல நம்பாதீங்க, சோப்பு போட்டுக் கழுவுங்க."

காப்பக அம்மாள் அப்போதே போனை எடுத்தாள். திங்கட்கிழமை அக்கா இரண்டு வாளியோடு வந்து இறங்கினாள். ஆளாளுக்குக் கடித்துக் கைமாற்றும் ரப்பர் யானையை முதலில் பிளீச்சிங் தண்ணீரில் முக்கினாள். கதவுப்பிடிகளையும் விடவில்லை.

இரண்டு நாள் கழித்து, தேறிய இரட்டையரோடு வங்கி அதிகாரி சமையலறை வாசலில் நின்றார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"தப்பா பேசிட்டேன்மா."

"அது கிடக்கட்டும். கை கழுவினீங்களா?"

அவர் பள்ளிப் பிள்ளைபோல இரு கைகளையும் விரித்துக் காட்டினார். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குள் இரட்டையரில் ஒருத்தி காலிக் கிண்ணத்தால் மேஜையைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"இருடி என் செல்லம், ஆறட்டும்!" என்று அடுப்படிக்கு ஓடினாள் அக்கா.